35 பலகையும் அதன் பின்னால் நிற்கும் போலீஸ் காரும்

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது. அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் யூஎஸ் ஹைவேயில் மணிக்கு 60 மைலுக்கு மேல் வந்துகொண்டிருந்தார். ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு சின்ன ஊர் வந்தது. பலகை 35 என்றது. வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் விளக்கு சுழன்றது. 35 மைல் இடத்தில் 51 என்று டிக்கெட். "இது பாதுகாப்புக்கா, வசூலுக்கா? பேசாமல் கட்டிவிடுவதா, கோர்ட்டுக்குப் போவதா?"

இரண்டுக்குமாக இருக்கலாம். பிடித்த போலீஸ்காரர் சிரித்துப் பேசினாரா, முறைத்தாரா என்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது. பலகை எந்த இடத்தில் நடப்பட்டிருக்கிறது, அபராதப் பணம் யாருடைய கல்லாவில் விழுகிறது, இந்த இரண்டையும் பார்த்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும். இருபது வருடமாக இந்த ரோடுகளில் ஓட்டுகிறேன், இரண்டு முறை மாட்டியிருக்கிறேன். அதில் ஒன்று நியாயமான டிக்கெட் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதலில் வேகம் ஏன் அப்படித் திடீரென்று விழுகிறது என்று பார்க்கலாம். இன்டர்ஸ்டேட் என்ற பெரிய விரைவுச் சாலைகள் ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகின்றன. அவற்றுக்கு முந்தைய பழைய யூஎஸ் ஹைவேக்கள் பல ஊர்களின் மெயின் ஸ்ட்ரீட் வழியாகவே போகும். ஊருக்கு வெளியே அது வயல்களுக்கு நடுவே போகும் வேகமான சாலை. ஊருக்குள் அதே தார் ரோட்டின் ஓரத்தில் சர்ச், தபால் நிலையம், பள்ளிக்கூடம். அங்கே 35 என்று போடுவதில் தப்பே இல்லை. சிக்கல் ஓட்டுபவரின் கண்ணில் இருக்கிறது. ஒரு மணி நேரம் 65ல் ஓட்டிவிட்டு 45க்கு இறங்கினால் வண்டி ஊர்வது போலிருக்கும். ஸ்பீடாமீட்டரைப் பார்க்காமல் 35 என்று நினைத்து ஓட்டுபவர் உண்மையில் 45, 50ல்தான் போய்க்கொண்டிருப்பார். அதனால்தான் நேர்மையான ஊர் முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைத்து, படிப்படியாக வேகத்தை இறக்கும். காசு பார்க்க நினைக்கும் ஊருக்கு இந்தக் கண் மயக்கமே போதும். எல்லைப் பலகைக்கு நூறடி தள்ளி, புதர் ஓரமாக ஒரு காரை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது.

இதில் புகழ்பெற்ற ஊர் ஓஹையோ மாநிலத்தின் நியூ ரோம். பெயர்தான் ரோம். கொலம்பஸ் நகரத்தை ஒட்டி, யூஎஸ் 40 சாலையில் ஆயிரம் அடி நீளத்துக்கு ஒரு கிராமம். 2000ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் மக்கள் தொகை 60. அந்த 60 பேருக்குப் பாதுகாப்பாக ஒரு கட்டத்தில் 14 போலீஸ்காரர்கள் வரை இருந்தார்கள், பெரும்பாலும் பகுதிநேர ஆட்கள். சாலையில் 45ஆக இருந்த வேக வரம்பு கிராம எல்லைக்குள் 35 ஆகும். வேகத்தில் சிக்காதவர்கள் நம்பர் பிளேட்டில் அழுக்கு, கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் என்று சிக்குவார்கள். வருடத்துக்குச் சுமார் நான்கு லட்சம் டாலர் வந்தது. அதில் பெரும்பகுதி போலீஸ் துறைக்கே செலவானது. அதாவது டிக்கெட் கொடுக்க போலீஸ், போலீஸுக்குச் சம்பளம் கொடுக்க டிக்கெட். கடைசியில் மாநிலச் சட்டமன்றம் மிகச் சிறிய கிராமங்களைக் கலைக்க வழிசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. 2004ல் நீதிபதி ஒருவர் நியூ ரோமைக் கலைத்து உத்தரவிட்டார். வேக வரம்பை வைத்துப் பிழைத்த ஊர் வரைபடத்திலிருந்தே போனது.

ஃப்ளோரிடாவின் யூஎஸ் 301 தனிக்கதை. லாட்டி, ஹாம்ப்டன், வால்டோ மூன்றுமே அந்தத் தடத்தில் வருகின்றன. ஹாம்ப்டன் செய்த வேலையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 477 பேர் வாழ்ந்த ஊர் அது, ஹைவேயில்கூட இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. 1990களில் ஊர் எல்லையை நீட்டி, யூஎஸ் 301ல் 1,260 அடி நீளத் துண்டு ஒன்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. வரைபடத்தில் பார்த்தால் குச்சி வைத்த மிட்டாய் மாதிரி இருக்கும். அந்தக் கால் மைல் ரோட்டில் ஆயிரக்கணக்கான டிக்கெட் கொடுத்தார்கள். 2014ல் மாநிலத் தணிக்கையாளர்கள் கணக்கைத் தோண்டியபோது வரிசையாக முறைகேடுகள் வந்தன. ஊரையே கலைத்துவிடுவோம் என்று சட்டமன்ற உறுப்பினர்கள் மிரட்டியதும் அந்த ஹைவே துண்டை விட்டுக்கொடுத்து, போலீஸ் துறையை மூடி, ஹாம்ப்டன் உயிர் தப்பியது.

பக்கத்து வால்டோவில் தந்திரம் வேறு. இரண்டு மைலுக்குள் வேக வரம்பு ஆறு முறை மாறும். படிப்படியாக இறக்குவது நல்லது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதையே வலையாக்கிய ஊர் இது. எந்தப் பலகை எந்த எண் என்று நினைவில் வைத்து ஓட்டுவதற்குள் ஊர் முடிந்துவிடும். ட்ரிபிள் ஏ என்று எல்லோரும் சொல்லும் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம், லாட்டியையும் வால்டோவையும் ஓட்டுபவர்களைச் சிக்கவைக்கும் பொறி என்று அறிவித்து, ஊருக்கு முன்னால் எச்சரிக்கை விளம்பரப் பலகைகளே வைத்தது. 2014ல் வால்டோ போலீஸ்காரர்களே நகர மன்றத்தில் எழுந்து நின்று, 12 மணி நேர ஷிஃப்டில் 12 டிக்கெட் கொடுத்தாக வேண்டும் என்று தங்களைக் கட்டாயப்படுத்துவதாகச் சொன்னார்கள். அதே வருடம் அந்த ஊரின் போலீஸ் துறை கலைக்கப்பட்டது. மறு வருடம் டிக்கெட்டுக்குக் கோட்டா வைப்பதைத் தடுத்து ஃப்ளோரிடா போட்ட சட்டத்துக்கு வால்டோவின் பெயரே ஒட்டிக்கொண்டது. அந்த ஊரைக் காட்டிக்கொடுத்தவர்கள் சீருடை போட்டவர்கள்தான் என்பதை, போலீஸ் மேல் மட்டும் கோபப்படுபவர்கள் கவனிக்க வேண்டும்.

பலகை வைத்து எச்சரித்ததில் ட்ரிபிள் ஏவுக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். 1970ல் ஜார்ஜியா கவர்னர் லெஸ்டர் மேடாக்ஸ், லுடோவிசி என்ற ஊருக்கு வெளியே "இது லுடோவிசி, ஜாக்கிரதை" என்ற பொருளில் பெரிய பலகைகளை நட்டு, அவற்றை யாரும் பிடுங்காமல் இருக்கக் காவலும் போட்டார். ஒரு மாநில அரசே தன் ஊர் ஒன்றுக்கு எதிராக விளம்பரம் செய்த கதை.

இதைவிடப் பழைய கதை இங்கிலாந்தில் இருக்கிறது. 1905ல் ஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் அங்கே தொடங்கியதே, வேலி மறைவில் ஸ்டாப்வாட்சோடு ஒளிந்திருக்கும் போலீஸைப் பற்றி உறுப்பினர்களுக்குச் சொல்லத்தான். அப்போது அங்கே உச்ச வரம்பு 20 மைல். எச்சரிப்பது போலீஸ் வேலையைத் தடுப்பதாகும் என்று 1910ல் தீர்ப்பு வந்ததும் ஏஏ ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சங்கத்தின் பேட்ஜ் வைத்த வண்டிக்கு எப்போதும் சல்யூட் அடிப்பார்கள், முன்னால் பொறி இருந்தால் மட்டும் அடிக்க மாட்டார்கள். சல்யூட் அடிக்காததற்கு எந்தக் கோர்ட் தண்டனை கொடுக்கும்? எதிரே வருபவருக்கு ஹெட்லைட் அடித்துக் காட்டும் நம் பழக்கத்துக்கு இவர்கள்தான் தாத்தாக்கள். அமெரிக்காவில் அப்படி விளக்கடித்தவர் மேல் மிசௌரியின் எல்லிஸ்வில் நகரம் வழக்குப் போட, அது பேச்சுரிமைக்குள் வரும் என்று 2014ல் ஃபெடரல் நீதிபதி ஒருவர் நகரத்துக்குத் தடை போட்டார்.

சரி, பணத்துக்கு வருவோம். இந்த ஊர்களுக்கு ஏன் இந்த நிலை? நூறு வீடு இருக்கும் ஊரில் சொத்து வரி பெரிதாக வராது. கடைகள் குறைந்தால் விற்பனை வரியும் போச்சு. வரியை உயர்த்தினால் அடுத்த தேர்தலில் மேயர் வீட்டுக்குப் போவார். ஆனால் ஹைவேயில் போகும் வெளியூர்க்காரருக்கு இங்கே ஓட்டு கிடையாது, டிக்கெட்டை எதிர்க்க முந்நூறு மைல் திரும்பி வரவும் மாட்டார். இது வெறும் சந்தேகம் இல்லை. மாசசூசெட்ஸ் டிக்கெட்டுகளை ஆராய்ந்த மகோவ்ஸ்கி, ஸ்ட்ராட்மன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், உள்ளூர்க்காரரைவிட வெளியூர்க்காரருக்கு அபராதம் விழும் வாய்ப்பும் அதிகம், தொகையும் அதிகம் என்று 2009ல் காட்டினார்கள். நார்த் கரோலினாவைப் பற்றி அதே வருடம் வந்த இன்னோர் ஆய்வு, உள்ளாட்சி வருமானம் விழுந்த அடுத்த வருடம் டிக்கெட் எண்ணிக்கை ஏறுவதைக் காட்டியது.

கோர்ட்டும் அதே கல்லாவோடு கட்டப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஓஹையோவில் மேயரே நீதிபதியாக உட்காரும் மேயர் கோர்ட் என்று ஒன்று உண்டு. தண்டனை கொடுத்தால் மட்டும் மேயருக்குக் கூலி கிடைக்கும் ஏற்பாடு செல்லாது என்று 1927லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது மதுவிலக்குக் கால வழக்கு. 1972ல் வந்த, மன்ரோவில் என்ற பெயருள்ள கிராமத்தின் வழக்கு நேராகவே போக்குவரத்து அபராதம் பற்றியது. கூலி மேயரின் பையில் விழாவிட்டாலும், கிராமத்தின் வரவு செலவுக்குப் பொறுப்பானவர், கிராமத்துக்குக் கணிசமாக வருமானம் தரும் வழக்கில் நடுநிலையாக இருக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. அதன் பிறகும் மேயர் கோர்ட்டுகள் முழுதாக ஒழியவில்லை.

மாநிலங்கள் இதற்குக் கடிவாளம் போடப் பார்த்த விதங்கள் சுவையானவை. மிசௌரியில் மேக்ஸ் க்ரீக் என்ற ஊரின் பெயரிலேயே 1995ல் ஒரு சட்டம் வந்தது. போக்குவரத்து அபராதம் ஊரின் பொது வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டினால் மிச்சம் மாநிலத்துக்கு, அங்கிருந்து பள்ளிகளுக்கு. அந்த வருமானம் நின்றதும் மேக்ஸ் க்ரீக் திவாலானது, 2012ல் ஊராட்சியே இல்லாமல் போனது. பின்னாளில் அந்த வரம்பை 20 சதவீதம் வரை இறக்கினார்கள். டெக்சாஸில் 5,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்கு 30 சதவீதக் கணக்கு. ஜார்ஜியாவில் உள்ளூர் போலீஸ் ரேடார் வைத்துப் பிடித்தால், பள்ளிப் பகுதி, குடியிருப்புப் பகுதி போன்ற விலக்குகள் தவிர, வரம்பைவிட 10 மைலுக்கு மேல் போயிருந்தால்தான் வழக்கு நிற்கும். ட்ரூப்பர் எனப்படும் மாநிலப் போலீஸ்காரருக்கு இந்தக் கட்டு இல்லை. பென்சில்வேனியா உள்ளூர் போலீஸின் கையில் ரேடாரையே கொடுக்கவில்லை. அங்கே ரேடார் மாநிலப் போலீஸுக்கு மட்டும். உள்ளூர்க்காரர்கள் ரோட்டில் இரண்டு கோடுகளுக்கு இடையே எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பிடிப்பார்கள். அலபாமாவில் ப்ரூக்சைட் என்ற 1,253 பேர் ஊர், வருமானத்தில் கிட்டத்தட்ட பாதியை அபராதம், பறிமுதல் வழியாக எடுத்தது 2022ல் பத்திரிகையில் வெளியானது. போலீஸ் தலைவர் ராஜினாமா செய்தார். அதே வருடம் மாநிலம் 10 சதவீத உச்சவரம்பு போட்டது. இந்த சதவீதச் சட்டங்கள் எல்லாமே கொஞ்சம் தாமதமாக வரும் வைத்தியம் என்பது என் கருத்து. ஊரின் கணக்கை யாராவது ஒழுங்காகத் தணிக்கை செய்தால்தானே சதவீதமே தெரியும்?

எனக்குப் பிடித்தது கலிஃபோர்னியாவின் வழி. "ஸ்பீட் ட்ராப்" என்ற சொல்லுக்கு அங்கே சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. ஒரு சாலையின் வேக வரம்பு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் எடுத்த பொறியியல் சர்வேயால் நியாயப்படுத்தப்படாமல் இருந்து, அங்கே ரேடார் வைத்துப் பிடித்தால், அதுவே ஸ்பீட் ட்ராப். அந்த ரேடார் சாட்சியம் கோர்ட்டில் எடுபடாது. பள்ளிப் பகுதி, உள்ளூர்த் தெரு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. கணக்குப் புத்தகத்தை விட்டுவிட்டு "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று சட்டம் கேட்கிறது. சர்வேயில் போலீஸ் இல்லாத சாதாரண நேரத்தில் வண்டிகளின் வேகத்தை எடுத்து, நூறில் 85 பேர் எந்த வேகத்துக்குள் போகிறார்கள் என்று பார்ப்பார்கள். பழைய பொறியியல் மரபு, வரம்பு அந்த வேகத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்றது. 85 பேர் 48ல் போகும் ரோட்டில் 35 என்று பலகை வைத்தால் ஊரே குற்றவாளியாகிவிடும், போலீஸ் விரும்பியவரைப் பிடிக்கலாம்.

இங்கே மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் பதில் பாதிதான். அந்த 85 பேர் கணக்கு கார் ஓட்டுபவரை மட்டும் கேட்கிறது, ரோட்டைக் கடக்கும் கிழவியைக் கேட்பதில்லை. ட்ரிபிள் ஏவின் ஆய்வுப் பிரிவு 2011ல் வெளியிட்ட கணக்குப்படி, 23 மைல் வேகத்தில் கார் மோதினால் நடந்துபோகிறவர் சாகும் வாய்ப்பு சராசரியாக 10 சதவீதம், 42 மைலில் 50 சதவீதம். 35க்கும் 50க்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் உயிர் வித்தியாசம். வசூல் நோக்கத்தைக் காட்டிய அதே மகோவ்ஸ்கியும் ஸ்ட்ராட்மனும் 2011ல் இன்னொன்றும் காட்டினார்கள்: காரணம் காசாகவே இருந்தாலும், டிக்கெட் கூடினால் விபத்து குறைகிறது. ஒரு மைல் நீள ஊரை 35ல் கடக்க 103 வினாடி, 55ல் கடந்தால் 65 வினாடி. மிச்சமாவது 40 வினாடிகூட இல்லை. என்னைப் பிடித்த இரண்டு ஊர்களில் ஒன்றில் பள்ளிக்கூடம் ரோட்டை ஒட்டியே இருந்தது. அந்த டிக்கெட்டை நான் வாய் திறக்காமல் கட்டினேன்.

இனி உங்கள் டிக்கெட். பலர் ஆரம்பிப்பது ரேடாரில். கருவி தப்பு, பக்கத்து லாரியைப் பிடித்துவிட்டது என்று. ரேடார் எதிரொலி அலையின் மாற்றத்தை வைத்து வேகம் காண்கிறது. ஓரமாக நிற்கும் காரிலிருந்து கோணமாக அடித்தால் உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும், அந்தப் பிழை உங்களுக்குச் சாதகம். கதிர் தூரம் போகப் போக விரிந்து இரண்டு மூன்று லேனைக் கவ்வும் என்பது உண்மைதான். 1979ல் மயாமி தொலைக்காட்சி ஒன்று, பனை மரம் 86 மைல் வேகத்தில் போவதாக ரேடார் காட்டியதைப் படம் பிடித்துப் போட்டது, அங்கே ஒரு நீதிபதி பல வழக்குகளின் ரேடார் சாட்சியத்தைத் தள்ளினார். ஆனால் அது அந்தக் காலத்துக் கருவி. இப்போதைய லேசர் துப்பாக்கியின் கதிர் ஆயிரம் அடியில் சுமார் மூன்றடி அகலம்தான். கருவியைச் சோதித்த பதிவேட்டைக் கேட்டு வாங்கலாம், சில நேரம் அது காலாவதியாகி இருக்கும். அதை மட்டும் நம்பிக் கோர்ட் ஏறாதீர்கள்.

அதைவிட உதவுவது பலகை. முடிந்தால் அதே வழியில் திரும்பிப் போய், எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா, 35 பலகை எங்கே, போலீஸ் நின்ற இடம் அதிலிருந்து எத்தனை அடி என்று படம் எடுங்கள். சில மாநிலங்களில் வரம்பு மாறும் இடத்திலிருந்து இத்தனை அடிக்குள் பிடிக்கக் கூடாது என்றே விதி உண்டு. ஜார்ஜியாவில் ஊர் எல்லைக்குள் 300 அடி, வெளியே 600 அடி. என் இரண்டாவது டிக்கெட்டில் பலகையை ஓக் மரக்கிளை மூடியிருந்தது. மாலை நேரக் கோர்ட், நகர மன்றக் கூடத்திலேயே மடக்கு நாற்காலி போட்டு நடந்தது. படத்தைக் காட்டினேன். நீதிபதி பார்த்தார், போலீஸ்காரரைப் பார்த்தார், லைசென்ஸில் பாயிண்ட் என்ற குற்றப்புள்ளி ஏறாத சின்னக் குற்றமாக மாற்றினார். கோர்ட் செலவு என்று ஒரு தொகையை வாங்கத்தான் செய்தார்கள். அப்புறம் ஒரு மாதம் கழித்து அந்த வழியே போனபோது கிளையை வெட்டியிருந்தார்கள். போலீஸ் கார் அதே இடத்தில் நின்றது.

அபராதத் தொகையைவிட லைசென்ஸில் ஏறும் பாயிண்ட்டும் அதனால் உயரும் இன்சூரன்ஸும்தான் பெரிய செலவு. அதனால் "கட்டிவிட்டால் முடிந்தது" என்று நினைக்காதீர்கள். கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். டிரைவிங் ஸ்கூல் வகுப்பு, ஒத்திவைத்துத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு என்று ஏதாவது உண்டா என்று முதலில் கோர்ட் கிளார்க்கிடம் போனில் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். 16 மைல் அதிகம் என்பதால் உங்களைப் பிடித்த ஊர் வர்ஜீனியாவில் இருந்திருந்தாலும் தப்பித்திருப்பீர்கள். அங்கே 20 மைல் அதிகமானாலே, அல்லது எங்கேயும் 85ஐத் தாண்டினாலே, அது ரெக்லெஸ் டிரைவிங் என்ற கிரிமினல் குற்றம், 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம். விசாவில் இருப்பவர்களுக்கு அது விண்ணப்பப் படிவம் வரை துரத்தும். அந்த நிலை வந்தால் யோசிக்காமல் உள்ளூர் வக்கீலைப் பிடிக்க வேண்டும்.

வேறு மாநிலம்தானே என்று டிக்கெட்டைக் குப்பையில் போடுபவர்கள் உண்டு. பெரும்பாலான மாநிலங்கள் ஒன்றுக்கொன்று தகவல் கொடுக்கும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன, ஆறு மாதம் கழித்து உங்கள் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகியிருப்பது அடுத்த போலீஸ் நிறுத்தும்போதுதான் தெரியவரும். டிக்கெட்டின் கீழே சின்ன எழுத்தில் ஒரு தேதி இருக்கும். பதில் சொல்ல அதுதான் கடைசி நாள். இன்றைக்கே அதை எடுத்துப் பாருங்கள், கிளார்க் ஆபீஸ் எத்தனை மணிக்கு மூடும் என்பதையும் சேர்த்து. சின்ன ஊர்களில் வாரத்தில் இரண்டு நாள்தான் திறந்திருக்கும்.